முதுகாட்டைப் படமெடுக்கும்போது செத்த மரத்தை எங்கே ஒளிக்கிறோம்?

சென்ற மாதம் பதினொரு பேர் கொண்ட ஒளிப்படக் குழுவொன்றோடு, கோடரியே படாத பழங்காடு ஒன்றுக்குள் ஒரு காலை முழுவதும் நடந்தேன். நடை தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. எனக்கு முன்னால் ட்ரைபாடை நிறுத்தியிருந்த ஒருவர், தம் சட்டகத்தின் இடது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பட்ட கிளையொன்றைச் சட்டென்று ஒடித்து அப்பால் எறிந்தார். திரையைப் பார்த்துவிட்டு, "இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது" என்றார். குழுவை நடத்தியவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த 'சுத்தம்' என்ற சொல் மட்டும் அன்று முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு காட்டைப் பழங்காடு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பெரிய மரங்களை வைத்து என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். காட்டியல் படித்தவர்கள் பெரிய மரங்களோடு நிறுத்துவதில்லை. நின்றபடியே பட்டுப்போன மரங்கள் எத்தனை, விழுந்து கிடக்கும் அடிமரங்கள் எவ்வளவு, அவை எந்தெந்த நிலையில் இற்றுக்கொண்டிருக்கின்றன, முதுமரம் ஒன்று சாய்ந்ததால் மேலே திறந்துகொண்ட வானத்தின் கீழே எத்தனை வயது மரங்கள் அடுக்கடுக்காக எழுந்து நிற்கின்றன என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். நட்டு வளர்த்த தோப்பில் மரங்கள் எல்லாம் ஒரே வயது, ஒரே பருமன், அளந்து விட்ட இடைவெளி; தரை துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பனிமூட்டத்துக்குள் நேர்நேராக நிற்கும் மரங்களும் அவற்றின் நடுவே இறங்கும் ஒளிக்கதிர்களுமாக, 'ஆதிகாடு' என்ற தலைப்போடு நாம் பகிர்ந்துகொள்ளும் படங்களில் பல, ஐம்பது அறுபது ஆண்டுத் தோப்புகளில் எடுத்தவையாக இருக்கக்கூடும். படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால், பிரித்துச் சொல்வதற்கு உதவும் அடையாளங்களைத்தான் நாம் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறோம்.

சங்கப் பாடல்களில் 'முதுகாடு' என்ற சொல்லுக்குப் பொருள் பழைய வனம் அன்று. பிணம் சுடும் இடம், ஈமக்காடு. அந்த நடையின்போது இச்சொல் நினைவுக்கு வந்ததும், இந்தப் பொருளும் இவ்விடத்துக்குப் பொருந்தத்தானே செய்கிறது என்று தோன்றியது. பழங்காட்டின் தரையில் எங்கே காலை வைத்தாலும் செத்த ஏதோ ஒன்றின் மேல்தான் வைக்கிறோம்.

அன்று நான் அதிக நேரம் செலவிட்டது ஒரே ஒரு மரத்தோடு. விழுந்து கிடந்த மரம். படுத்த நிலையிலேயே என் மார்பு உயரம் இருந்தது. வேர்ப்பக்கம் பட்டை உரிந்து, உள்ளே மரம் செங்கல் துண்டுகளைப் போலச் சதுரம் சதுரமாக வெடித்திருந்தது. ஒரு துண்டு தானாகவே உதிர்ந்து கிடந்தது. விரலால் தொட்டதும் ஈரமாக நசுங்கியது. ஒரு வகைக் காளான், மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, அதை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைப்பதால் இப்படி ஆகிறது. லிக்னினையும் சேர்த்துத் தின்னும் வேறு வகைக் காளான்கள் இருக்கின்றன. அவை கைவைத்த மரம் வெளுத்து நார்நாராகப் பிரியும். அந்த அடிமரத்தின் முதுகில் பாசி மெத்தையாகப் படர்ந்திருக்க, அதன் மேல் ஊசியிலை மரக்கன்றுகள் வரிசை பிடித்து நின்றன. பத்தொன்பது வரை எண்ணினேன். தரையில் தடித்த பாசியும் அடர்ந்த புதரும் விதைகளை எளிதில் முளைக்க விடுவதில்லை. விழுந்த மரத்தின் மேலோ ஈரமும் வெளிச்சமும் இடமும் இருக்கின்றன. கன்றுகள் வளர வளர அவற்றின் வேர்கள் அடிமரத்தைத் தழுவிக்கொண்டு மண்ணுக்கு இறங்கும். பல பத்தாண்டுகளில், சில சமயம் நூற்றாண்டுகளில், கீழே கிடந்த மரம் முழுவதும் மக்கிப்போய்விடும். வேர்களுக்கு அடியில் சுரங்கம்போல ஒரு வெற்றிடம் மட்டும் எஞ்சும். காட்டுக்குள் சில பெருமரங்கள் கயிறு பிடித்து நட்டதுபோல ஒரே நேர்கோட்டில் நிற்பதன் காரணம் இதுதான் என்று அன்றுதான் என் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

அந்தக் காட்சியைப் படமெடுக்க வெயில் உதவாது. இலைகளுக்கு நடுவே விழும் வெயில், வெளிறிய திட்டுகளையும் கரிய குழிகளையும் தவிர வேறெதையும் விட்டுவைக்காது. நல்ல வேளையாக அன்று மேகமூட்டம். லென்ஸின் முன்னால் மாட்டிய போலரைசர் என்ற ஒளி வடிகட்டியை மெல்லத் திருப்பியதும் ஈர இலைகளின் வெள்ளைப் பளபளப்பு மறைந்து பச்சை எழுந்துவந்தது. ட்ரைபாடைத் தரையோடு தரையாகப் பரப்பி, லென்ஸ் துளை எஃப் 11, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இரண்டு நொடி. காற்று நிற்பதற்காகக் காத்திருந்த நேரம்தான் பெரிது. குழு முன்னால் போய்விட்டது. நானும் மனதுக்குள் அவர்களைப் போகச் சொல்லிவிட்டேன்.

பெருமரத்தை மட்டும் தனித்துக் காட்டும் மரபை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1861ஆம் ஆண்டில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் கார்ல்டன் வாட்கின்ஸ், 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளைச் சுமக்கச் செய்து கலிபோர்னியாவின் மாரிபோசா தோப்புக்குப் போனார். 'கிரிஸ்லி ஜெயன்ட்' என்ற செக்கோயா இனப் பெருமரத்தின் அடியில் மனிதரை நிறுத்தி, மரத்தின் பருமன் விளங்கும்படி படமெடுத்தார். அப்படங்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரை நகரங்களைச் சென்றடைந்தன. 1864 ஜூன் 30 அன்று, யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் அந்தத் தோப்பையும் காக்கும் சட்டத்தில் அமெரிக்க அதிபர் லிங்கன் கையெழுத்திட்டார். ஒளிப்படத்தால் காடு பிழைத்த கதைகளில் இதை முதலில் வைக்கலாம். ஆனால், மரத்தின் காலடியில் மனிதர் நிற்கும் அந்தக் காட்சியையே நூற்று அறுபது ஆண்டுகளாக நாம் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறோம். வாட்கின்ஸ் காட்டிய மரமே உச்சி பட்டு, அடியில் நெருப்பு தின்ற வடுவோடு நிற்கும் மரம் என்பதை மறந்துவிட்டோம்.

பருமனும் அழகும் வயதுக்குச் சான்று என்ற நம்பிக்கையை உடைப்பதற்கு, அமெரிக்க மலைகளில் வளரும் பிரிசில்கோன் பைன் என்ற ஊசியிலை மர இனம் ஒன்றே போதும். நெவாடாவில் 1964ஆம் ஆண்டு ஆய்வுக்காக வெட்டப்பட்ட 'புரோமித்தியஸ்' என்ற மரத்தில் நாலாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட வளையங்கள் இருந்தன. இந்த இனத்தின் மூத்த மரங்கள் உயரமில்லாதவை, முறுக்கிக்கொண்டவை. உடலின் பெரும்பகுதி வெறும் செத்த கட்டையாக நிற்க, ஓர் ஓரத்தில் நாடாபோல ஓடும் பட்டையில்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளை ஒடித்த அந்த அன்பர் இப்படி ஒரு மரத்தின் முன்னால் நின்றிருந்தால் எதை ஒடித்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஒரு பட்ட கிளை போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். பின்லாந்துக் காடுகளில் வாழும் உயிரினங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, செத்த மரத்தை ஏதோ ஒரு வகையில் நம்பி வாழ்கிறது என்பது அங்குள்ள ஆய்வாளர்களின் கணிப்பு. வண்டுகள், காளான்கள், லைக்கன்கள், பொந்தில் கூடு வைக்கும் பறவைகள் என்று அந்தப் பட்டியல் நீளும். என் ஆதங்கம் அந்த ஒரு கிளையைப் பற்றியது மட்டும் அன்று. செத்த மரத்தைக் குப்பை என்று பார்க்கும் கண்ணைத்தான் ஆயிரக்கணக்கான 'சுத்தமான' படங்களின் வழியே வளர்த்துக்கொண்டிருக்கிறோம். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தித்தான் காட்டை 'நலமாக' வைத்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லும்போது பொதுமக்கள் தலையாட்டுவதற்கு, இந்தக் கண்ணும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நானும் யோக்கியன் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் நான் வெளியிட்டு, பலரும் பாராட்டிய ஒரு காட்டுப் படத்தில், குறுக்கே கிடந்த அடிமரம் ஒன்றைக் கைபேசியின் அழிப்பான் கொண்டு நீக்கியிருந்தேன். மூல வடிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீக்கிய படம் எந்தப் பூங்காவிலும் எடுத்திருக்கக்கூடிய படம்.

இத்துடன் எட்டுப் படங்களை இணைத்திருக்கிறேன். ஐந்தில் விழுந்த மரங்கள். ஒன்றில் ஒடிந்த கிளையின் வெளிறிய முனை. அது அந்த அன்பர் ஒடித்ததுதான். திரும்பி வரும் வழியில் எடுத்தேன். எந்தக் காடு என்று கேட்க வேண்டாம், சொல்லப்போவதில்லை. கலிபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவில் 115 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் 'ஹைப்பீரியன்' மரத்தின் இடம் இணையத்தில் பரவியதும், பாதையே இல்லாத அந்த மரத்தடிக்கு மக்கள் பாதை போட்டார்கள். அடியில் வளர்ந்திருந்த பெரணிகள் மிதிபட்டு அழிந்தன. 2022இல் பூங்கா நிர்வாகம் அப்பகுதியை மூடி, மீறி நுழைவோருக்கு ஐயாயிரம் டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம் என்று எச்சரித்தது. இருப்பிடக் குறிப்பை எட்டுப் படங்களிலிருந்தும் நீக்கிவிட்டேன். இம்முறை நான் நீக்கியது அதை மட்டும்தான்.