பூஞ்சையை மூடிவிட்டு ஊசி போடவும்

"பூஞ்சையை முழுவதுமாக மூடிய பிறகே ஊசியைத் தொடங்கவும்." தோல் நோய்ப் பிரிவின் அறிவிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், 150 டன் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இயந்திரத்தோடு எங்கள் பட்டறையில் வந்திறங்கிய தமிழ்க் கையேட்டின் பொன்மொழி இது. மோல்டை, அதாவது பொருளை வார்க்கும் அச்சை, மூடிப் பூட்டிய பிறகே உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்த வேண்டும் என்பதை எந்தக் கம்பவுண்டரும் இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆங்கிலத்தில் பூஞ்சைக்கும் மோல்டு என்றே பெயர், வினை அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

அந்தப் பக்கத்தை அத்தோடு மூடிவைத்திருக்கலாம், நான் மூடவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கும் பேரல் என்ற உருளையைப் பீப்பாயாக்கி, அதை 230 டிகிரி வரை சூடாக்கச் சொல்கிறார்கள், சாராயம் காய்ச்சுகிறோம் என்ற நினைப்பு போலும். ஊசி அழுத்தத்தை 900 பார் வரை உயர்த்தலாமாம். நோயாளி பிழைப்பாரா என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. "குறுகிய துப்பாக்கிச் சூடு ஏற்பட்டால் ஊசியின் அளவைக் கூட்டவும்" என்கிறது அடுத்த வரி. மோல்டு நிரம்பாமல் அரைகுறையாக வந்து விழும் பொருளை நாங்கள் ஷார்ட் ஷாட் என்போம். இவர்களோ சுட்டுவிட்டுச் சிகிச்சையும் அளிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாலும், "மூக்கைச் சுத்தம் செய்யும்போது முகத்தைத் தள்ளி வைக்கவும்" என்பதை எப்படிப் பொறுப்பது? மூக்கு என்று அவர்கள் சொல்வது, உருகிய பிளாஸ்டிக் வெளியேறும் முனையான நாசிலை. அதிலிருந்து தெறிக்கும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தோலில் ஒட்டிக்கொண்டு வெந்துபோகச் செய்யும். புதிதாகச் சேர்ந்த பையன் படித்தே ஆக வேண்டிய ஒரே எச்சரிக்கை அது. அவன் படித்துவிட்டுத் தன் மூக்கைத் தடவிப் பார்க்கிறான். விற்பனையாளரைக் கேட்டால், தமிழ் தெரிந்தவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அச்சிட்டதாகப் பெருமையோடு சொல்கிறார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மருத்துவர் பயன்படுத்திவிட்டுத் தூக்கியெறியும் சிரிஞ்சின் குழாயும் அதற்குள் தள்ளும் தண்டும், பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனை இதே இன்ஜெக்‌ஷன் முறையில் வார்த்து எடுத்தவைதான். முனையிலுள்ள எஃகு ஊசியோ எங்கள் வகை இயந்திரத்தில் பிறக்காதது. தேடிப்பிடித்து அதன் பெயரையே எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

மோல்டுக்குள் பிளாஸ்டிக் ஓடிவரும் வழியில் உறைந்து நிற்கும் ரன்னரை வெட்டி, அரைத்து, மறுபடியும் பயன்படுத்துவது வழக்கம். கையேட்டில் அது, "ஓட்டப்பந்தய வீரரை வெட்டி எடுத்து, நன்றாக அரைத்து, புதிய பொருளுடன் 20 சதவீதம் வரை கலக்கலாம்" என்று ஆகியிருக்கிறது. இரண்டாம் ஷிப்ட் பையன்கள் கிரைண்டர் பக்கம் போகும்போதெல்லாம், "அண்ணே, இன்றைக்கு எத்தனை பேர் ஓடினார்கள்?" என்று கேட்கிறார்கள், நானும் தலையில் அடித்துக்கொண்டே சிரித்துத் தொலைக்கிறேன்.