கிணறு எங்கே என்று தெரியும், குழி எங்கே என்று தெரியுமா?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் போகிறவர்களுக்குக் கடலும் வாவியும் எவ்வளவு கிட்ட இருக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எல்லாம் அந்த ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் இருக்கின்றன. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் ஒரு படையாகத் தங்குகிறது. நம் கிணறுகள் அந்தப் படைக்குள் இறங்குகின்றன. மலசலகூடக் குழிகளும் அதற்குள்தான் இறங்குகின்றன.

நிலத்தடி நீர் எங்கே எளிதில் மாசடையும் என்று காட்டும் வரைபடங்களைப் பற்றி இப்போது பலர் பேசுகிறார்கள். நல்லது, அவை கட்டாயம் தேவை. ஆனால் எப்படிப்பட்ட வரைபடம் என்பதில்தான் எனக்கு அக்கறை. உலகெங்கும் அதிகம் பயன்படும் 'டிராஸ்டிக்' முறை 1987இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வெளியிட்டது. நீர்மட்டத்தின் ஆழம், மழைநீர் ஊறும் அளவு, நீர் தங்கும் படை, மண், நிலச் சரிவு, நீர்மட்டத்துக்கு மேலுள்ள படை, நீர் கடத்தும் திறன் ஆகிய ஏழுக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டுவார்கள். ஆழத்துக்கும் நீர்மட்டத்துக்கு மேலுள்ள படைக்கும் அதிகூடிய நிறையான 5; சரிவுக்கு 1.

இந்தக் கணக்கை நம் கரையோரத்தில் போட்டுப் பாருங்கள். ஆழம் குறைவு, எங்கும் மணல், சரிவே இல்லை. எளிதில் மாசடையும் இடத்தை வரைபடத்தில் சிவப்பாகக் காட்டினால் கல்லடியும் சிவப்பு, களுவாஞ்சிக்குடியும் சிவப்பு, தெற்கே அக்கரைப்பற்று மணலும் சிவப்பு. எல்லாமே சிவப்பு என்றால் எந்த ஒழுங்கையில் வேலையைத் தொடங்குவது? நிலத்தின் இயல்பைக் காட்டும் தாளின்மேல் நாம் மண்ணுக்குள் விடும் கழிவின் பாரத்தைக் காட்டும் இன்னொரு தாள் வேண்டும். ஒவ்வொரு குழியும், அதன் ஆழமும், பக்கத்துக் கிணற்றுக்கு அது எத்தனை அடி என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத வரைபடத்தைக் கொண்டு ஒரு பிரதேச சபை எந்த முடிவும் எடுக்க முடியாது.

கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இருக்க வேண்டும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி. சதுரமான 10 பேர்ச் காணியின் ஒரு பக்கமே 52 அடிதான். வீட்டையும் கட்டி, கிணற்றையும் வெட்டி, மூலையில் குழியும் தோண்டினால் உங்கள் குழி உங்கள் கிணற்றுக்குத் தூரமாக இருக்கலாம். மதிலுக்கு அப்பால் இருப்பவரின் கிணற்றுக்கு? பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் காணிகள் இன்னும் சிறுத்துவிட்டன.

மாரியில் குழிக்குள் தண்ணீர் இறங்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வாளி வாளியாக ஊற்றினாலும் பீங்கானில் மட்டம் குறையாது. குழி நிரம்பிவிட்டது என்று கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசருக்குச் சொல்லி எடுப்போம், மறுநாளே மறுபடி நிரம்பிவிடும். அது நிலத்தடி நீர். அடியில் சீமெந்து போடாமல் கொங்கிரீட் வளையங்களை மட்டும் இறக்கிய குழியை 'செப்டிக் டாங்க்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். குழியின் அடி நீர்மட்டத்துக்கு மேலே குறைந்தது 1.5 மீற்றராவது இருக்க வேண்டும் என்பது அனர்த்த முகாம்களுக்கே வகுக்கப்பட்ட சர்வதேச விதி. இங்கே மாரியில் கிணறும் குழியும் ஒரே நீருக்குள் நிற்கின்றன.

ஓர் ஆளின் உடலிலிருந்து ஓராண்டில் ஏறத்தாழ 4 கிலோ நைதரசன் வெளியேறுகிறது. அது முழுவதும் நைத்திரேற்றாக மாறினால், மூன்றரை இலட்சம் லீற்றர் நீரை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லைவரை கொண்டுபோய்விடும். முழுவதும் அப்படி மாறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் 10 பேர்ச் காணியில் ஓராண்டில் விழும் மழையே நான்கு இலட்சம் லீற்றர் அளவுதான். அதிலும் ஒரு பங்குதான் ஊறுகிறது. அந்தக் காணியில் ஐந்து பேர் வாழ்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் அது அதிகம் ஆபத்து.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறதே, இனி என்ன கவலை என்று கேட்கிறார்கள். குழாய் வந்தால் வீட்டில் தண்ணீர்ப் பாவனை கூடும். கூடிய தண்ணீர் கழிவாக அதே மணலுக்குள்தான் போகும். குழாய் நிற்கும் நாளில் வாளி மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். 2004 ஆழிப்பேரலையில் உப்பான கிணறுகள் பலவற்றை மாரி மழைதான் கழுவித் தந்தது. உப்பை அவ்வளவு விரைவாகக் கீழே கொண்டுபோன மணல் கழிவை மட்டும் தடுத்து நிறுத்தாது.

டெங்கு ஒழிப்புக்கு வீடு வீடாகப் போகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களிடம் ஒரு படிவத்தைக் கூடுதலாகக் கொடுங்கள். குழி எங்கே, கிணறு எங்கே, இடையில் எத்தனை அடி என்று கைபேசியிலேயே குறித்துவிடலாம். புதிய வீட்டுக்கு அனுமதி கேட்கும் படத்தில் அயல் காணிகளின் கிணறுகளையும் காட்டச் சொல்லுங்கள். நெருக்கம் கூடிய ஒழுங்கைகளில் அடி மூடிய தொட்டியும் ஒழுங்கான பவுசர் சேவையும் சபையின் செலவில் முதலில் வரட்டும். நீர் மாதிரிகளைக் கோடையில் மட்டும் எடுக்க வேண்டாம். நீர்மட்டம் ஏறி நிற்கும் மார்கழியிலும் எடுத்து, கிடைக்கும் அளவுகளை அந்தந்தக் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள்.