ஃபுல் டாங் என்று எழுதியிருந்தால் போதுமா?

போன மாதம் ஜொகூரில் மச்சான் தோட்டத்தில் ஒரு பெரிய கத்தி என் கண்முன்னே உடைந்தது. சண்டைக்கத்தி என்று சொல்லி விற்ற போவி வகை, 10 அங்குல அலகு. காய்ந்த ரம்புத்தான் கிளை ஒன்றை மச்சான் ஓங்கி வெட்டினான். அலகு தெறித்துப் போய் மண்ணில் குத்தி நின்றது, பிடி மட்டும் அவன் கையில். இரண்டடி தள்ளி அவன் மகன் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பதற்றம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

பிடியைப் பிளந்து பார்த்தோம். பிடிக்குள் போகும் இரும்பைத்தான் டாங் என்கிறார்கள். அலகு நாலு விரல் அகலம், உள்ளே போன வாலோ பென்சில் தடிமன்கூட இல்லை. அலகு முடிந்து வால் தொடங்கும் மூலையை 'ட' எழுத்து மாதிரி வெடுக்கென்று வெட்டியிருந்தார்கள். உடைந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்துத் துருவேறியிருந்தது, ஓரத்தில் மட்டும் பளிச்சென்று புது இரும்பு. விரிசல் அன்றைக்கு விழுந்ததல்ல. பல நாளாக உள்ளே ஓடியிருக்கிறது, பிடி அதை மூடி வைத்திருக்கிறது.

சிங்கப்பூர் துவாஸில் 20 வருடமாக லேத்தில் இரும்பு கடைகிறேன். தடித்த ஷாஃப்ட் (இரும்புத்தண்டு) சட்டென்று மெலியும் படியில் மூலையைக் கூராக விட்டால் அங்கேதான் உடையும். சின்ன வளைவு கொடுத்தால் தாங்கும். பெரிய கத்தியிலும் அதே கதைதான். வெட்டு விழும்போது நீளமான அலகு நெம்புகோலாகிறது, வளைக்கும் விசை முழுக்கப் பிடிவாயில் வந்து சேர்கிறது.

உடனே நண்பர்கள், "ஃபுல் டாங் வாங்கியிருக்கணும்" என்றார்கள். அலகின் இரும்பு அகலம் குறையாமல் பிடி முழுக்க ஓடுவதுதான் ஃபுல் டாங். நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1942இல் அமெரிக்க மரைன் படை எடுத்துக்கொண்ட கா-பார் கத்திக்கு 7 அங்குல அலகு, தோல் வட்டுகளைக் கோத்த பிடி, உள்ளே அகலம் குறைந்த வால்தான். கட்டானா என்ற ஜப்பானிய வாளின் வாலை மரப்பிடிக்குள் பிடித்து வைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மூங்கில் ஆணி. ஆனால் அந்த வால் நீளமானது, அலகின் அகலத்திலிருந்து மெல்ல மெல்லக் குறுகுவது. நம் ஊரில் கூர்க்கா காவலர்கள் 1949 முதல் இருக்கிறார்கள், அவர்களுடைய வளைந்த கத்தியான குக்ரியைப் பார்க்காதவர்கள் குறைவு. நேபாளத்துப் பழைய குக்ரிகள் பலவற்றில் வாலைப் பிசின் வைத்துத்தான் பிடிக்குள் இறக்கியிருப்பார்கள். ஊர் அரிவாளுக்குப் பூண் போட்டு வாலை இறக்குவது மாதிரியேதான். தடித்த முதுகோடு அந்தக் குக்ரி தலைமுறை தலைமுறையாக வெட்டவில்லையா?

வேலையையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் கமாண்டோக்களின் ஃபேர்பேர்ன்-சைக்ஸ் குத்துக்கத்தியில் எலிவால் மாதிரி மெல்லிய டாங். குத்தும்போது விசை நேர்கோட்டில் போகிறது, அதனால் அது சரி. அதே டாங்கை ஓங்கி வெட்டும் 10 அங்குலக் கத்திக்குப் போடுவது ஏமாற்று வேலை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஃபுல் டாங்கிலும் கோளாறு உண்டு. 6 மி.மீ. தகடு பிடி முழுக்க ஓடினால் கனம் கைக்குள் வந்துவிடும், வெட்டில் வேகம் இருக்காது. அதனால்தான் நல்ல கொல்லர்கள் உள்ளே துளையிட்டோ, கடைசிப் பக்கம் மெலித்தோ கனத்தைக் குறைக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை பிடிப்பலகைக்கும் இரும்புக்கும் நடுவே இறங்கித் துருப்பிடிக்கவும் செய்யும். ஆனால் அந்தத் துரு ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும், துடைத்து எண்ணெய் போடலாம். மறைந்த வாலில் அதற்கு வழியில்லை. ஃபுல் டாங்குக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் இதற்குத்தான்.

இரும்பைக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தும் தோய்ச்சலையும் விடக்கூடாது. வாயோரம் கெட்டியாக இருக்கட்டும், பிடிக்குள் போகும் பகுதி கொஞ்சம் இளகித்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் அடி விழுந்தால் வளையும், கண்ணாடி மாதிரி முறியாது.

மச்சான் வேறொன்று வாங்கப் போகிறான். பிடி மாட்டுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேள், மூலையில் வளைவு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் வாங்காதே என்று சொல்லியிருக்கிறேன். உடைந்த துண்டின் படம் கீழே. கறுத்த பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.