பூரிக்கட்டையும் செய்தவர்

அக்கா பையனின் டிரம்ஸ் ஸ்டிக் உடைந்துவிட்டது. போன வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பதினொரு வயதுக்காரன், ரொம்ப விவரமாக "மாமா, விக் ஃபர்த் 5ஏ கேளுங்க" என்றான். யாருடா அவரு என்று கேட்டேன். "ஆளில்ல மாமா, கம்பெனி பேரு."

ஆள்தான். அதுவும் டிரம்ஸ் செட்டில் பேர் வாங்கின ஆள் இல்லை. பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவில் கடைசி வரிசையில் நின்று டிம்பனி வாசித்தவர். 1952இல் சேர்ந்தார், 1956இல் முதன்மை டிம்பனிக் கலைஞர், 2002 வரை அதே இடம். மூன்ஷ், லைன்ஸ்டார்ஃப், ஸ்டைன்பர்க், ஒஸாவா என்று நான்கு இசை இயக்குநர்கள் வந்து போனார்கள். ஒஸாவா கிளம்பிய அதே ஆண்டில்தான் இவரும் ஓய்வு பெற்றார்.

டிம்பனி தெரியாதவர்களுக்கு: அண்டா மாதிரி செம்புப் பாத்திரம், மேலே தோல். ஒரு செட்டில் நான்கு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருதி. நம் மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன்னாடி கல்லும் கட்டையுமாகத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பாரே, அதை டிம்பனிக்காரர் வாசிப்புக்கு நடுவிலேயே செய்தாக வேண்டும். சுற்றிலும் எண்பது பேர் வேறு சுருதியில் முழங்கிக்கொண்டிருக்க, இவர் குனிந்து தோலுக்குப் பக்கத்தில் காதை வைத்து, விரலால் லேசாகத் தட்டி, காலால் பெடலை நகர்த்தி, அடுத்து வரப்போகிற சுருதியை இப்போதே பிடிப்பார். கூடவே மனசுக்குள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். எழுபது எண்பது தாளவட்டம் சும்மா நின்றுவிட்டு ஒரே ஒரு அடி. அது தப்பினால் அரங்கத்துக்கே கேட்கும். பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ தொடங்குவதே டிம்பனியில்தான். தனியாக, மெதுவாக, நான்கு தட்டு. ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

அந்த 'மெதுவாக'தான் இவருக்குத் தொழிலைக் கொடுத்தது. அன்றைக்குக் கடையில் கிடைத்த குச்சிகளில் இவர் நினைத்த மென்மை வரவில்லை. தானே உட்கார்ந்து செதுக்கினார். பிறகு கடைசல்காரரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கினார். நியூ இங்கிலாந்து கன்செர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்ததால் அவருடைய மாணவர்கள் முதலில் கேட்டார்கள், அப்புறம் கடைக்காரர்கள். 1963இல் கம்பெனி. உலகத்திலேயே அதிகச் சத்தம் போடுகிற ராக் டிரம்மர்கள் கையில் இருக்கும் குச்சி, சத்தத்தைக் குறைக்க நினைத்த ஒருவரிடமிருந்து வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

மரம் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒரே அச்சில் கடைந்த இரண்டு குச்சிகளின் எடை வேறு, தட்டினால் நாதமும் வேறு. அதனால் எடையும் சுருதியும் ஒத்துப்போகிற இரண்டைத் தேடிப்பிடித்து ஜோடி சேர்த்து விற்றார். சுருதிக் காது இல்லாத எந்த முதலாளிக்கும் தோன்றியிருக்காது இது. கடைசல் பட்டறை இருக்கிறதே என்று மிளகு அரைக்கிற மர மில்லும், நம்மூர்ப் பூரிக்கட்டைக்கு அண்ணன் மாதிரி ஒரு கட்டையும்கூடத் தன் பேரிலேயே போட்டு விற்றார்! 2010இல் கம்பெனி, டிரம்ஸ் செட்டின் சிம்பல் தட்டுகள் செய்கிற ஸில்ஜியன் கம்பெனியோடு சேர்ந்தது. 2015இல், 85 வயதில் காலமானார்.

கலைஞன் வியாபாரம் பண்ணினால் கலை போய்விடும் என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. இவருடைய மேடையும் வகுப்பும் பட்டறையும் தனித்தனி வேலைகள் இல்லை. மூன்றிலும் செய்தது ஒன்றுதான், காது கொடுத்துக் கேட்டது.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். மருமகன் முன்பு போய்க்கொண்டிருந்த வகுப்பில் மெட்ரோனோமில், அதாவது டிக் டிக் என்று தாளம் காட்டும் கருவியில், வேகத்தை ஏற்றிக்கொண்டே போவதுதான் பாடம். நிமிடத்துக்கு எத்தனை அடி என்று பிள்ளைகளுக்குள் போட்டி, அதை வீடியோ எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போடுவார்கள். நாங்களும் ஹார்ட்டின் விட்டோம், பொய் சொல்வானேன். எட்டு மாசம் கழித்து ஒருநாள் "மெதுவா வாசிடா, பாட்டி தூங்குது" என்றேன். முடியவில்லை அவனால். சத்தத்தைக் குறைத்தால் தாளம் ஓடிப்போகிறது. அது அவன் தப்பில்லை. வேகம் வீடியோவில் தெரியும், மென்மை தெரியாது, தெரிகிறதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கடையிலிருந்து வந்ததும் இந்தக் கதையெல்லாம் அவனிடம் சொன்னேன். பாதிதான் கேட்டான், பூரிக்கட்டைக்கு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஹாலில் மொசைக் தரையில் உட்கார்ந்து புதுக் குச்சியை ஒவ்வொன்றாக ஒரு ஜாண் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். டிவியை நிறுத்தச் சொன்னான். மறுபடி போட்டான்.

"ரெண்டும் ஒரே சத்தம்தான் மாமா. பழைய குச்சி எங்க, அதையும் போட்டுப் பாக்கணும்."