ஆண்ட பரம்பரையும் சேர்க்கைப் பதிவேடும்

முகநூலில் குடும்ப வரலாறு எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு முப்பாட்டன் குறுநில மன்னன். மீதிப் பேருக்குத் தளபதி. யாருடைய முப்பாட்டனும் மாடு மேய்த்ததில்லை, கூலிக்குக் களை எடுத்ததில்லை, வாத்தியார் அடிக்குப் பயந்து மூன்றாம் வகுப்போடு ஓடியதில்லை. கல்வெட்டு ஆதாரம் இருக்கிறது என்பார்கள். சரி, அந்தக் கல்வெட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற ஆட்கள் யார் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர்கூடத் தெரிந்திருக்காது.

குடும்பத்தின் கதை தெரிய வேண்டுமானால் முதலில் போக வேண்டியது ஊரில் இருக்கிற பழைய தொடக்கப் பள்ளிக்கு என்பது என் கட்சி. அங்கே ஹெட்மாஸ்டர் அறையில் ஒரு பீரோ இருக்கும். அதற்குள் காலிகோ அட்டை போட்ட, முதுகு பிய்ந்த பெரிய நோட்டு ஒன்று இருக்கும். அதுதான் சேர்க்கைப் பதிவேடு. வருகைப் பதிவேடெல்லாம் சில வருஷத்தில் கழிவுக்குப் போய்விடும். இது நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது. டிசியைத் தொலைத்தவர், வயதை நிரூபிக்க வேண்டியவர், சாதிச் சான்றிதழில் சிக்கல் வந்தவர் எல்லோரும் கடைசியில் இதைத் தேடித்தான் வருவார்கள்.

ஒரு வரியில் என்ன இருக்கும்? பிள்ளையின் பெயர், தகப்பனார் அல்லது காப்பாளர் பெயர், அவர் செய்யும் தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, எந்த வகுப்பு, எப்போது நின்றான், ஏன் நின்றான். அகலமான பக்கத்தில் ஒரே ஒரு வரி. ஆனால் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளின் வரிகளைப் பொறுக்கி எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அண்ணன் ஐந்து வரை போயிருப்பான், தம்பி இரண்டில் நின்றிருப்பான். அப்பாவின் தொழில் மூத்தவன் சேரும்போது 'விவசாயம்' என்றிருக்கும், கடைக்குட்டி சேரும்போது 'கூலி' ஆகியிருக்கும். நடுவில் நிலம் கைமாறியிருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தகப்பனார் கட்டத்தில் திடீரென்று தாய்மாமன் பெயர் வந்தால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும்.

பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். பழைய பதிவேட்டைத் திறந்தால் ஊரே மே, ஜூன் மாதங்களில் பிறந்ததுபோல் இருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பையனுக்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். வீட்டில் தேதி தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டுவிட்டால் சேர்க்கை உண்டு, அவரே ஒரு தேதியும் போட்டுக்கொள்வார். இன்றைக்கு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேர் அந்த வாத்தியார் கொடுத்த பிறந்தநாள் கணக்கில்தான் ரிட்டயர் ஆனார்கள்.

பெயரிலும் வாத்தியாரின் கைவரிசை உண்டு. வீட்டில் ஒரு பெயர், பதிவேட்டில் திருத்தமான இன்னொரு பெயர். எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது திருத்தாமல் விட்ட பெயர்கள். பிச்சை, குப்பன், மூக்கன், குப்பம்மாள். முன்னால் பிறந்தவை தங்காமல் போன வீட்டில்தான் பெரும்பாலும் இப்படிப் பெயர் வைப்பார்கள். குப்பையில் புரட்டி எடுத்தும் மூக்குக் குத்தியும் எமனை ஏமாற்றுகிற கணக்கு. அந்தப் பெயரைப் பார்த்தால் அதற்கு மேலே, எந்தப் பதிவேட்டுக்கும் வராமலே போன ஒன்றிரண்டு குழந்தைகளும் இருந்திருக்கலாம் என்று விசாரிக்கத் தோன்றும். என் அம்மாவழித் தாத்தாவுக்கு முன்னால் இரண்டு அக்காக்கள் இருந்து இறந்த சேதி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த 'பிச்சை'யைப் பற்றி ஒரு கிழவியிடம் கேட்டபோதுதான் வெளியே வந்தது.

பதிவேட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட யார் இல்லை என்பது பெரிய விஷயம். பெண்பிள்ளைகளின் பெயர்கள் முதல் வகுப்பில் ஓரளவு இருக்கும், நான்கு ஐந்துக்கு வரும்போது கரைந்துவிடும். நின்ற காரணம் என்ற கட்டத்தில் பல இடங்களில் ஒன்றுமே எழுதியிருக்காது. எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருப்பார்கள். சேரிப் பிள்ளைகளின் பெயர்கள் ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் எந்த வருஷத்தில் தொடங்குகின்றன என்று பாருங்கள். சில ஊர்களில் அந்த வருஷம் உங்கள் அப்பா பிறந்த பிறகு வரும். 'எங்கள் ஊரில் அந்தக் காலத்திலேயே எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம்' என்று எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு எழுதலாம்.

உங்கள் தாத்தா எந்த மாதிரிப் பள்ளியில் படித்தார் என்பதே பாதி வரலாறு. ஜில்லா, தாலுகா போர்டு நடத்திய போர்டு ஸ்கூலா, மிஷன் நடத்திய, அரசு உதவி பெற்ற எய்டட் பள்ளியா, வெள்ளைக்காரர் காலத்துத் தொழிலாளர் இலாகா தொடங்கிப் பின்னால் ஆதிதிராவிடர் நலத்துறையிடம் போன பள்ளியா, மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளியா? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை உண்டு. கள்ளர் பள்ளிகள், சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிந்து கண்காணித்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் நிழலில் வந்தவை. ஒரு கையில் ரேகைப் பதிவு, இன்னொரு கையில் பள்ளிக்கூடம். ஊர்ப் பள்ளியில் இடமில்லாத பிள்ளைகளுக்காகத் தனிப் பள்ளி தொடங்க வேண்டியிருந்ததால்தான் 1894-இல் பிரம்மஞான சபையின் ஆல்காட் சென்னையில் தொடங்கியதற்கு, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அன்றிருந்த பெயரில், பஞ்சமர் இலவசப் பள்ளி என்று பெயர் இருந்தது. பெயர்ப் பலகை மாறிவிடும். பழைய முத்திரையும் பதிவேட்டின் அட்டையும் மாறாது.

இதற்கும் முந்தைய காலத்துக்குப் போனால் திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுத்து, அப்புறம் பனையோலை, எழுத்தாணி. அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி. வாத்தியாருக்குக் கீழே ஒரு சட்டாம்பிள்ளை. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் இல்லத்திலும் மணலைப் பரப்பினார், பிள்ளைகளையே வாத்தியார்களாக்கினார். 1797-இல் அதை லண்டனில் அச்சிட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அது இங்கிலாந்து ஏழைப் பள்ளிகளில் ஓடியது.

அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்காது. கிடைப்பது தொகை மட்டும். 1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் தொகுத்து எழுதியபடி பள்ளிகள் 12,498, படித்தவர்கள் 1,88,650, மாகாண மக்கள்தொகை ஒரு கோடியே 28 லட்சத்துச் சொச்சம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு 'வெள்ளைக்காரன் வருவதற்கு முன் எல்லோரும் படித்தார்கள்' என்று ஒரு கூட்டம் கிளம்பும், 'ஒருவருமே படிக்கவில்லை' என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். இரண்டு பேரும் வகுத்துப் பார்ப்பதில்லை. கிட்டத்தட்ட 68 பேருக்கு ஒரு மாணவன். அதிலும் பெண்கள் மிகச் சொற்பம். பிராமணர் அல்லாத சாதிப் பிள்ளைகள் தமிழ் ஜில்லாக்களில் நாம் நினைப்பதைவிட அதிகம். இவ்வளவுதான் அந்தக் கணக்கு சொல்வது, அதில் உங்கள் முப்பாட்டனைத் தேட முடியாது.

அந்த இடைவெளியில் கை கொடுப்பது பத்திரம். வீட்டில் மஞ்சள் பையில் சுற்றிப் பரண்மேல் போட்டிருக்கும் கிரயப் பத்திரத்தையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் எடுங்கள். 'இன்னார் குமாரர் இன்னார்' என்று தலைமுறை அதிலேயே இருக்கும். நான்கெல்லையில் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் பெயர் இருக்கும், அவர்களில் பாதிப் பேர் பங்காளிகளாக இருப்பார்கள். அதைவிட, கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கையெழுத்தா, கைநாட்டா? எங்கள் வீட்டுப் பத்திரங்களில் கொள்ளுத்தாத்தா வரை பெருவிரல் ரேகைதான். தாத்தா கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதியிருக்கிறார். அந்தக் கோணல் எழுத்துக்கும் பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும் வரிக்கும் நேரடிச் சம்பந்தம். எந்தக் கல்வெட்டும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை. பெண்களின் கைநாட்டு இன்னும் ஒரு தலைமுறை நீடிக்கும். பாகப்பிரிவினைகளில் மகள்களின் பெயரே இல்லாமல் இருக்கும். 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்திய பிறகு அவர்கள் பெயர் வர ஆரம்பிக்கும், பல நேரம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில்.

பழைய காகிதங்களில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வரும். 'தாது வருஷத்தில்' என்று எழுதியிருந்தால் அது 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்து வந்த பாட்டி என்றால் 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சம். தாது வருஷத்தில் கல்யாணம் என்றால் பொறுமையாகக் கணக்குப் போட வேண்டும்.

பெரியவர்களிடம் பேசும்போது வருஷத்தைக் கேட்காதீர்கள், அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எந்த வாத்தியார் காலத்தில் என்று கேளுங்கள், வாத்தியாரின் பிரம்பிலிருந்து சைக்கிள் வரை சொல்வார்கள். பாதி நேரந்தான் பள்ளிக்கூடம் இருந்தது, மீதி நேரம் அப்பாவோடு வேலைக்குப் போகச் சொன்னார்கள் என்று ஒருவர் சொன்னால் அது 1953-54, ராஜாஜியின் திட்டம். காமராஜர் வந்து அதை எடுத்துவிட்டார். மதியச் சோறு நாங்கள் படிக்கும்போதுதான் வந்தது என்றால் 1956-க்குப் பிறகு. தனுஷ்கோடிப் புயலடித்தபோது நாலாம் வகுப்பு என்றால் 1964 டிசம்பர், அந்தக் கல்வியாண்டு. இப்படி முளை அடித்துக்கொண்டே போனால் தேதி தானாக அமையும். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் ஐம்பதுகளின் கடைசியில் சேர்க்கை எண் வேகமாக ஏறுகிறது. சாப்பாடா, அந்தச் சமயத்தில் ஓராசிரியர் பள்ளிகள் ஊர் ஊராகத் திறந்ததா, ஒரு நோட்டை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கட்டடத்துக்கும் சாட்சி உண்டு. மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், செய்த கம்பெனியின் பெயர் அச்சில் இருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1860-களில் என்பதால், அவர்கள் ஓடு போட்ட கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. வாசலில் உபயக் கல் இருந்தால் அதில் இருப்பது ஊரின் வம்சாவளி. 1950-களின் இறுதியில் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம் என்று ஊரார் கொடுத்தார்கள். யார் என்ன கொடுத்தார் என்பதில் யாருக்கு எவ்வளவு இருந்தது என்பதும் தெரியும்.

அதற்காகப் பழைய கட்டடத்தை இடிக்காதே என்று கொடி பிடிக்க நான் தயாரில்லை. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள். சரியான முடிவு. நம்முடைய ஏக்கத்துக்காக இன்னொருவர் பிள்ளை விரிசல் விட்ட சுவருக்குக் கீழே உட்கார முடியாது. என் வருத்தம் சுவரைப் பற்றியதல்ல, சுவரோடு போகிற நோட்டைப் பற்றியது. இடிக்கும்போது பீரோவை வராந்தாவில் வைப்பார்கள், மழை வரும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். மாணவர் எண்ணிக்கை குறைந்து இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கும்போதும் இதே கதை. ஒரு ஊரில் நான் கேட்டுப் போன பதிவேடு முந்தைய வருஷம் பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருந்தது. அந்த ஹெட்மாஸ்டரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஐந்து வகுப்புக்கு இரண்டு வாத்தியார்.

இன்றைய மாணவர்களின் விவரமெல்லாம் எமிஸ் என்ற கல்வித்துறைக் கணினித் தளத்தில் ஏறிவிடுகிறது. பழைய பதிவேடுகளை யாரும் தீண்டவில்லை. ஒரு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு ஸ்கேனரும் ஒரு ஆளும் போதும். இடிக்க உத்தரவு போடும்போதே 'பதிவேடுகளைப் படியெடுத்தாயிற்றா' என்று ஒரு வரி சேர்க்கலாம். படிகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பலாம். நூறு வருஷம் கடந்த பக்கங்களை எல்லோருக்கும் திறக்கலாம், மற்றதை அந்தந்தக் குடும்பம் கேட்டால் காட்டலாம். வேலை பார்க்க ஆளில்லை என்றால் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுகிற காசில் பாதி போதும்.

ஹெட்மாஸ்டரிடம் போகிறவர்கள் லீவு விட்ட சமயத்திலோ சாயங்காலத்திலோ போங்கள், எழுத்தில் கோரிக்கை கொடுங்கள், தாத்தாவின் பெயரும் அவர் அப்பா பெயரும் உத்தேச வருஷமும் கையில் இருக்கட்டும். உங்கள் வரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முழுப் பக்கத்தைப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். அதே பக்கத்தில் இன்னும் இருபது வீட்டுச் சாதியும் தொழிலும் இருக்கின்றன, அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.