நம் ஊரில் எடுத்த படம், நாமே மறந்த படம்

சென்ற வாரம் எங்கள் வீட்டு வளவில் அப்பத்தாவோடு அமர்ந்து ‘நாம் இருவர்’ படத்தை முழுவதுமாகப் பார்த்தேன். 1947 ஜனவரியில், பொங்கலையொட்டி வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற படம் அது. இன்று காரைக்குடியிலேயே என் வயதுக்காரர்களிடம் பெயரைச் சொன்னால், அப்படி ஒரு படமா என்று கேட்கிறார்கள். போர்க்கால நெருக்கடியில் சென்னையை விட்டு வந்த ஏ.வி. மெய்யப்பன், காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்புக் கொட்டகை அமைத்து, தாமே இயக்கி எடுத்த படம் என்பது அவர்களுக்கு அதைவிடப் புதிய செய்தி.

நினைவில் வைத்திருக்கும் சிலரும் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ பாடலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டி.கே. பட்டம்மாள் குரலில் குமாரி கமலா ஆடும் அந்தப் பாடல், விடுதலைக்கு ஏழு மாதம் முன்பே திரையில் ஒலித்தது என்பது பெருமைக்குரியதுதான். பாரதி பாடல்களின் ஒலிபரப்பு உரிமையை வைத்திருந்த மெய்யப்பன், பின்னர் பணம் எதுவும் பெறாமல் அதை அரசுக்கு விட்டுக்கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தமுறை என்னை உலுக்கியது படத்தின் கதை. ப. நீலகண்டனின் ‘தியாக உள்ளம்’ நாடகத்திலிருந்து வந்த இக்கதையில், கள்ளச்சந்தையில் பணம் சேர்க்கும் ஒரு தந்தை வருகிறார். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தில், கடல் கடந்து வணிகம் செய்ய, அதாவது கொண்டுவிற்கப் போவதையே வாழ்க்கையாகக் கொண்ட செட்டிநாட்டுச் சீமையில் அமர்ந்து, பதுக்கும் வியாபாரியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள். வணிகக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் துணிவுக்காகவே இப்படத்தைக் கொண்டாட வேண்டும்.

முதியவர் வேடமிட்டு அந்தத் தந்தையாக நடித்தவர் வி.கே. ராமசாமி. அதுவே அவருக்கு முதல் படம், வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். அந்த முதியவரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, திடீரென்று தம் சிறு வயதுக்குப் போய்விட்டார். அவருடைய ஆத்தா உழக்கில் அரிசியை அளந்து, ஒரு பிடியைத் திரும்பப் பானையில் போடுவாராம். அந்தக் கையை இன்றும் கண்ணால் பார்ப்பதுபோல் சொன்னார். அதன் பிறகு அவர் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. நாடக மேடையின் சாயல் இறுதிவரை விலகவில்லை, நீண்ட வசனங்கள் பொறுமையைச் சோதிக்கின்றன, டி.ஆர். மகாலிங்கம் பாடத் தொடங்கும்போதுதான் சில இடங்களில் மூச்சு வருகிறது. இவற்றையெல்லாம் சொல்லி இப்படத்தை ஒதுக்கிவிட என்னால் முடியாது.

1948-இல் மெய்யப்பனின் ஸ்டூடியோ சென்னைக் கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ரஸ்தாவில் அது இயங்கிய நாள்களில் அங்கே தச்சு வேலை பார்த்தவர்கள், துணி தைத்தவர்கள், சமைத்துப் போட்டவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நம்மிடையே இருப்பார்கள். உங்கள் ஐயாவோ ஆயாவோ சொன்னது எதுவாக இருந்தாலும், ஒரு வரியானாலும், எனக்கு எழுதுங்கள். வரும் பொங்கலன்று எங்கள் வளவில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி இப்படத்தைத் திரையிடப் போகிறேன். அதற்கு முன்பாக அந்த வரிகளை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.