தானியம் கூடினா கிக்கு கூடாது
மேல ஒருத்தர் "மல்டிகிரெய்ன் ஏல்னா (பல தானியம் போட்டு செய்யற ஒரு வகை பீர்) கிக்கு ஜாஸ்தி, பார்லி கம்மிங்கறதால க்ளூட்டன் (சில தானியத்துல இருக்கற புரதம்) ஒத்துக்காதவங்களும் தாராளமா அடிக்கலாம்"னு போட்டிருக்காரு, ரெண்டுமே தப்புங்க. எத்தனை வகை தானியம் போட்டாங்கங்கறது மேட்டரே இல்ல, ஈஸ்ட் தின்னு தீர்க்க எவ்ளோ சர்க்கரை இருக்குங்கறதுதான் ஆல்கஹாலை முடிவு பண்ணும், இங்கிலாந்து மைல்டு ஏல் பெரும்பாலும் 3லேர்ந்து 4 சதவீதத்துக்குள்ளதான், அது கருப்பா இருந்தாலும் சரி (கலர் வறுத்த மால்ட்லேர்ந்து, அதாவது முளைகட்டி உலர்த்தின தானியத்துலேர்ந்து வருது, கலரைப் பாத்து பயப்படாதீங்க).

மத்த தானியம்லாம் ருசிக்கும் வாய்ல படற பதத்துக்கும்தான். ஓட்ஸ் வழவழன்னு ஆக்கும், கோதுமை நுரையை நிக்க வைக்கும், ரை லேசா காரசாரமா ஒரு வாசனை குடுக்கும், அதிகமா போட்டா கொழகொழன்னு ஆகி வடிகட்டவே விடாது. இந்த வித்தியாசம் தெரியணும்னா ஐஸ் மாதிரி சில்லுனு குடிக்காம 10-12 டிகிரில மெதுவா குடிச்சுப் பாருங்க, ரொம்ப ஜில்லுனு இருந்தா எல்லா பீரும் ஒண்ணுதான்.

க்ளூட்டன் விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க ப்ளீஸ். பார்லி, கோதுமை, ரை மூணுலயும் அது இருக்கு, ராகியோ கம்போ சேர்த்தாலும் அடியில பார்லி மால்ட் இருந்தா சீலியாக் (க்ளூட்டன் குடலைக் கெடுக்கற நோய்) உள்ளவங்களுக்கு ஆகாது, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பீர் தயாரிக்கற ப்ரூவர்கிட்ட கேட்டுடுங்க.